பக்கத்து ஊர், வேறு நாடு: வரிசை ஏன் நீள்கிறது?

கேள்வி இதுதான். இரண்டு நாடுகளின் ஊர்கள் ஒட்டி ஒட்டி இருந்தால் அங்கே எல்லையைக் கடப்பது எப்படி நடக்கிறது? ஓரிடத்தில் தரையில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது, இன்னோரிடத்தில் மூன்று மணி நேரம் வரிசையில் நிற்கிறார்கள். இரு ஊர்க்காரர்களும் ஒற்றுமையாக இருந்தால் கெடுபிடி தானாகக் குறைந்துவிடாதா? கூடவே, நடந்தே பார்க்கிற மாதிரி ஓர் எல்லை ஊரும் கேட்டிருந்தீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நேரடிப் பதில்: குறையாது. ஊர்க்காரர்களின் ஒற்றுமைக்கும் வரிசையின் நீளத்துக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு. உறவு உண்மையிலேயே கெட்டுப்போன எல்லையில் வரிசையே இருக்காது, கதவு பூட்டியிருக்கும். வரிசை நீளமாக நிற்கிறது என்றால் இரண்டு பக்கத்துக்கும் ஒருவர் மற்றவருக்கு வேண்டியிருக்கிறது, ஆனால் சம்பளமும் விலையும் சட்டமும் இரண்டு பக்கமும் வேறுவேறாக இருக்கின்றன என்று அர்த்தம். அந்த வித்தியாசம்தான் ஆட்களை இழுக்கிறது. எத்தனை பேரை, என்ன வேகத்தில் விடுவது என்பதை முடிவு செய்வதோ பெரும்பாலும் அந்த ஊர் இல்லை, தூரத்தில் இருக்கும் தலைநகர்.

எனக்கு நன்றாகப் பழகிய எல்லை ஜோகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் இருப்பது. வேலைக்காகச் சில வருடங்கள் கடந்திருக்கிறேன், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நடுவில் இருக்கும் கடல் சுமார் ஒரு கிலோமீட்டர் அகலம்தான். அதில் கல்லைக் கொட்டி எழுப்பிய கடற்பாலத்தில் 1923இல் ரயில் ஓடத் தொடங்கியது. முறையான திறப்பு விழா 1924 ஜூனில் நடந்தது. சிங்கப்பூரின் மேற்கே துவாஸ் பக்கம் இரண்டாவது பாலம் வந்தது 1998இல். கொரோனாவுக்கு முன்பே இந்த இரண்டையும் ஒரு நாளைக்கு 3 லட்சம் பேருக்கு மேல் கடந்துகொண்டிருந்தார்கள்.

விடியற்காலை நாலரை மணிக்கு ஜோகூர் பக்கம் நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மோட்டார் சைக்கிள்கள். காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் இஞ்ச் இஞ்சாக நகர்வார்கள். ஒரு காலைத் தரையில் ஊன்றி, இன்ஜினை அணைத்து, தள்ளி, மறுபடி நிறுத்தி. மழை வந்தால் பாலத்தில் ஒதுங்க இடம் கிடையாது. பேருந்தில் போகிறவர்களின் கதை வேறு. மலேசியக் குடிநுழைவில் ஒருமுறை இறங்கி ஏறவேண்டும். பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்ப் பக்கத்து உட்லண்ட்ஸில் எல்லா மூட்டையோடும் மறுபடி இறங்கவேண்டும். இறக்கிவிட்ட பேருந்து உங்களுக்காகக் காத்திருக்காது. அதே கம்பெனியின் அடுத்த பேருந்து வரும், அதே சீட்டைக் காட்டி ஏறிக்கொள்ளலாம். அதனால்தான் அந்தப் படிகளில் எல்லோரும் ஓடுகிறார்கள். புதிதாக வருகிறவர் எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலேயே கூட ஓடுவார். நானும் அப்படித்தான் முதல் நாள் ஓடினேன், ஓடிப்போய்த் தப்பான வரிசையின் கடைசியில் நின்றேன். பேருந்து பாலத்தின் நடுவிலேயே அசையாமல் நின்றுவிட்டால், கதவைத் திறக்கச் சொல்லி இறங்கி நடந்துவிடுகிறவர்களும் உண்டு.

இத்தனை பாடு எதற்கு? 1973 மே வரை இரண்டு நாட்டுப் பணமும் ஒன்றுக்கு ஒன்று மாறிக்கொண்டிருந்தது. அந்த ஏற்பாட்டை அந்த ஆண்டு முடித்துக்கொண்டார்கள். இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு, அதாவது டாலருக்கு, மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. ஜோகூரில் குடியிருந்து சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வாங்கினால் வீட்டுக் கணக்கே மாறிவிடும். தூக்கம் கெட்டால் கெடட்டும் என்று நாலு மணிக்கு எழுந்திருப்பது அதற்காக. சனி ஞாயிறு ஆனால் கூட்டம் எதிர்ப்பக்கம் பாயும். அந்தக் கரையிலிருந்து சாமான் வாங்கவும், முடி வெட்டவும், பல் பிடுங்கவும் வருவார்கள்.

பெட்ரோல் ஒரு தனிக் கதை. மலேசியாவில் பெட்ரோல் மலிவு என்பதால், சிங்கப்பூரில் பதிவான கார் நாட்டைவிட்டு வெளியே போகும்போது தொட்டியில் முக்கால் பங்கு எரிபொருள் இருக்கவேண்டும் என்று 1991 முதல் சட்டம் இருக்கிறது. சோதனைச் சாவடியில் காரின் அளவுமானியை எட்டிப் பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் அபராதம், திரும்பிப் போகச் சொல்வார்கள். மலேசியாவும் தன் பங்குக்கு, மானியத்தில் விற்கும் பெட்ரோலை வெளிநாட்டு வண்டிக்கு ஊற்றக்கூடாது என்று வைத்திருக்கிறது. விலை வித்தியாசம் ஒன்று, அதன் இரண்டு முனைகளிலும் இரண்டு சட்டங்கள். எல்லை என்று நாம் சொல்வதில் பாதி இந்த மாதிரி விஷயங்கள்தான். துப்பாக்கியும் முள்வேலியும் அப்புறம்.

இரண்டும் ஒரே நாடாக இருந்தது ரொம்பப் பழைய கதையும் இல்லை. 1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் பிரிந்தது, 1967இல் கடற்பாலத்தில் பாஸ்போர்ட் சோதனை வந்தது. பிரிவினை அரைகுறையாக விட்டுப்போன சில முடிச்சுகள் பல வருடம் அப்படியே இருந்தன. அதில் வேடிக்கையானது ரயில் நிலையம். சிங்கப்பூர் நகருக்குள் தஞ்சோங் பகார் நிலையமும் தண்டவாள நிலமும் மலேசிய ரயில்வேயின் கையில் இருந்தன. 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியா மாற்றவில்லை. விளைவு என்னவென்றால், வடக்கே போகும் பயணி தஞ்சோங் பகாரிலேயே மலேசியாவுக்குள் நுழைந்துவிடுவார், அதற்கு அரை மணி நேரம் கழித்து உட்லண்ட்ஸில் சிங்கப்பூரைவிட்டு வெளியேறுவார். இன்னும் கிளம்பாத நாட்டில் நின்றுகொண்டு அடுத்த நாட்டுக்குள் நுழைகிற இந்தக் கூத்து 2011 ஜூன் 30 வரை நடந்தது. அன்று இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார்.

தண்ணீர் இன்னொரு முடிச்சு. 1962இல் போட்ட ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜோகூர் ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம், 1000 கேலனுக்கு 3 சென் விலையில். ஒரு ரிங்கிட்டுக்கு 100 சென். சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பகுதியை ஜோகூர் 50 சென்னுக்குத் திரும்ப வாங்குகிறது. ஒப்பந்தம் 2061 வரை. இந்த விலையை வைத்து இரண்டு அரசாங்கங்களும் எத்தனையோ முறை முறைத்துக்கொண்டிருக்கின்றன. அந்த வருடங்களிலும் கடற்பாலத்தின் ஓரமாகப் போகும் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, மேலே மோட்டார் சைக்கிள்களும் போய்க்கொண்டுதான் இருந்தன.

அந்தப் போக்கு நின்றது வேறு ஒரு காரணத்தால். 2020 மார்ச் 18 முதல் எல்லையை மூடுவதாக மலேசியா இரண்டு நாள் முன்னால்தான் அறிவித்தது. முதல் நாள் இரவு முழுக்க, கிடைத்த பையில் துணியை அடைத்துக்கொண்டு ஜனங்கள் சிங்கப்பூர் பக்கம் ஓடினார்கள். வேலையை விட முடியாது, போனால் எப்போது திரும்புவோம் என்றும் தெரியாது. தங்க இடம் அமையாத சிலர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அட்டையை விரித்துப் படுத்தார்கள். தரைவழி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 29 அன்று, அதுவும் தடுப்பூசி போட்டவர்களுக்கு, குறிப்பிட்ட பேருந்துகளில் மட்டும். முழுசாகத் திறக்க 2022 ஏப்ரல் ஆனது. ஒரு கிலோமீட்டர் தூரத்தில், இரவில் விளக்கு தெரிகிற தூரத்தில், குழந்தையை இரண்டு வருடம் போனில் மட்டும் பார்த்தவர்கள் உண்டு.

சரி, இப்போது அந்த வரிசையைக் குறைக்க என்ன செய்கிறார்கள்? 2024 மார்ச் முதல் சிங்கப்பூர் சோதனைச் சாவடிகளில் காரில் வருகிறவர்கள் பாஸ்போர்ட்டை நீட்டாமல் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் போகலாம். இதைவிடப் பெரிய மாற்றம் ஜோகூரின் புக்கிட் சாகரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்குப் போகும் ரயில் பாதை. 4 கிலோமீட்டர் நீளம், ஒரு மணி நேரத்தில் ஒரு திசைக்கு 10,000 பேர் என்று கணக்கு வைத்து, 2026 இறுதியை இலக்காகக் கொண்டு கட்டுகிறார்கள். அதில் முக்கியம் ரயிலின் வேகம் இல்லை. ஏறுகிற நிலையத்திலேயே இரண்டு நாட்டுச் சோதனையையும் முடித்துவிடுவார்கள், இறங்கினால் நேராக வெளியே நடக்கலாம். எல்லை நெரிசலைப் படிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். எத்தனை பேர் கடக்கிறார்கள் என்பதைவிட, ஒருவரை எத்தனை தடவை நிறுத்துகிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்பதுதான் நேரத்தைத் தின்னும்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு நேர் எதிரான ஒரு தீர்வை பிரேசில் – உருகுவே எல்லையில் பார்க்கலாம். சந்தானா தோ லிவ்ரமென்டோ, ரிவேரா என்று இரண்டு ஊர்கள். எல்லை ஒரு தெரு, ஒரு பூங்கா. 1943இல் திறந்த அந்தப் பூங்கா இரண்டு நாட்டுக்கும் பொது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் எந்தக் கால் எந்த நாட்டில் என்று யாரும் கவலைப்படுவதில்லை. போர்ச்சுக்கீசும் ஸ்பானிஷும் கலந்த ஒரு பேச்சு அங்கே தானாக வளர்ந்திருக்கிறது. அப்படியானால் சோதனையே இல்லையா? இருக்கிறது, ஊருக்கு உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் திரிகிறவரைத் தொந்தரவு செய்யமாட்டார்கள். அதைத் தாண்டி நாட்டுக்குள் போகிறவர்தான் அலுவலகத்தைத் தேடிப்போய் முத்திரை வாங்கவேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைத் தெரியாமல் பேருந்தில் ஏறிப்போய், நாட்டைவிட்டுக் கிளம்பும்போது மாட்டிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் இரட்டை ஊர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் வருமானம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால்தான் இது ஓடும்.

வரிகள்தான் எல்லை என்பதற்கு வேடிக்கையான சாட்சி பார்ல. பெல்ஜியம், நெதர்லாந்து இரண்டின் நிலமும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் ஊர். நெதர்லாந்துக்குள் பெல்ஜியத்தின் துண்டுகள் 22, அந்தத் துண்டுகளுக்குள்ளேயே நெதர்லாந்தின் துண்டுகள் 7. நடைபாதையில் வெள்ளைச் சிலுவைக் குறிகள் கோடாகப் போகும், கடைக்குள் நுழையும், வீட்டுக்குள் நுழையும். ஒரு வீடு எந்த நாடு என்பதை வாசல் கதவை வைத்து முடிவு செய்கிறார்கள். கதவு இருக்கும் நாட்டுக்கு வரி. கதவை நகர்த்தி நாட்டை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஒரு வீட்டில் கோடு வாசல் கதவின் நடுவிலேயே போகிறது, அந்த வீட்டுக்கு இரண்டு நாட்டின் கதவு எண்ணும் இருக்கிறது. கொரோனா சமயத்தில் பெல்ஜியம் கடைகளை மூடச் சொன்னது, நெதர்லாந்து சொல்லவில்லை. கோடு குறுக்கே போன ஒரு துணிக்கடையில் பாதியை நாடா கட்டி மூடினார்கள், மீதிப் பாதியில் வியாபாரம் நடந்தது.

வரி என்று வந்தபிறகு ஜெனீவாவை விட்டுவிட முடியாது. பிரான்ஸில் குடியிருந்து ஜெனீவாவில் வேலை பார்க்கிறவர்கள் 1 லட்சத்துக்கு மேல். சம்பளம் சுவிஸ் கணக்கில், வீட்டு வாடகை பிரெஞ்சுக் கணக்கில். ஆனால் அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், சாலை, சாக்கடை எல்லாம் செய்து தருவது பிரெஞ்சு ஊராட்சிகள், வருமான வரியைப் பிடித்துக்கொள்வது ஜெனீவா. பிரெஞ்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1973இல் ஓர் உடன்பாடு போட்டார்கள். அந்தத் தொழிலாளர்களின் மொத்தச் சம்பளத்தில் 3.5 சதவீதத்துக்கு ஈடான பணத்தை ஜெனீவா ஒவ்வொரு வருடமும் பக்கத்துப் பிரெஞ்சு மாவட்டங்கள் இரண்டுக்குக் கொடுக்கிறது. பாசல் உள்ளிட்ட 8 சுவிஸ் மாநிலங்களில் ஏற்பாடு தலைகீழ். வரியைப் பிரான்ஸ் பிடிக்கும், சம்பளத்தில் 4.5 சதவீதத்தை சுவிஸ் பக்கத்துக்குக் கொடுக்கும். இரட்டை ஊர்களின் உறவு என்று மேடையில் நட்புப் பாலம், பொது விழா என்றெல்லாம் பேசுவார்கள். உறவு நிலைப்பது இந்த மாதிரி சலிப்பூட்டும் கணக்கில்தான். யார் எங்கே வரி கட்டுவது என்பதைத் தீர்க்காத எல்லையில், ஒரு பக்கம் ஆளைக் கொடுத்துச் செலவையும் சுமக்கும், மறுபக்கம் லாபத்தை எடுத்துக்கொள்ளும். அந்த மனக்கசப்பு ஒரு நாள் ஏதாவது தேர்தலில் வெளியே வரும்.

கடை விஷயத்திலும் இதே கணக்குதான். ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் நகரத்தில் சனிக்கிழமை கல்லாவில் நின்றால், முன்னால் நிற்பவர் ஒரு பச்சைச் சீட்டு கேட்பார். சுவிட்சர்லாந்தின் க்ரொய்ட்ஸ்லிங்கனிலிருந்து வந்தவர். அந்தச் சீட்டில் சுங்கத்தில் முத்திரை வாங்கிவந்தால் ஜெர்மன் விற்பனை வரியைத் திரும்பப் பெறலாம். சீட்டுக்காக நீளும் வரிசையைப் பார்த்து எரிச்சல்படுகிற உள்ளூர்க்காரர்களைச் சமாதானப்படுத்த, 2020இல் ஜெர்மனி 50 யூரோவுக்குக் குறைந்த கொள்முதலுக்கு அந்தச் சலுகை இல்லை என்றது. எதிர்ப்பக்கம் சுவிட்சர்லாந்தும், வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய சாமானின் மதிப்பை 2025 ஜனவரி முதல் 300 ஃபிராங்கிலிருந்து 150 ஆக்கியது, தன் கடைக்காரர்களுக்காக.

இந்த இரண்டு ஊர்களும் வீடுகள் ஒட்டி ஒட்டி ஒரே நகரமாகத்தான் கிடக்கின்றன. ஏரிக்கரையில் இருந்த வேலியைக்கூட 2007இல் எடுத்துவிட்டுச் சிற்பங்களை நட்டிருந்தார்கள். 2020 மார்ச்சில் வேலி திரும்ப வந்தது. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று காதலர்கள் கைகோத்துக்கொண்டார்கள், வேலியின் கண்ணி வழியாக முத்தம் கொடுத்தார்கள். நோய் பரவும் என்று, கொஞ்சம் தள்ளி இரண்டாவது வேலி போட்டார்கள். அப்புறம் நாற்காலி கொண்டுவந்து நடுவில் இடைவெளி விட்டு உட்கார்ந்து பேசினார்கள். ஜூன் நடுவில் திறந்தார்கள். ஊர்க்காரர்கள் ஒற்றுமையாக இருந்தால் போதாதா என்று கேட்டீர்களே, இதைவிட ஒற்றுமையான ஊர்கள் எங்கே இருக்கும்? முடிவு எடுத்தது பெர்லினும் பெர்னும்.

டெட்ராய்ட், விண்ட்சர் கதையும் அதுதான். ஆற்றுக்கு அடியில் 1930இலேயே சுரங்கச் சாலை போட்டுக்கொண்ட ஊர்கள். அமெரிக்கர்களும் கனடாக்காரர்களும் பாஸ்போர்ட் இல்லாமலேயே போய்வந்தார்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு எல்லாம் இறுகி, 2009 ஜூன் முதல் பாஸ்போர்ட்டோ அதற்கு ஈடான அட்டையோ கட்டாயம் ஆனது. இரண்டு ஊரும் தங்களுக்குள் எந்தச் சண்டையும் போடவில்லை.

ஊர்க்காரர்கள் நடமாடும் வட்டத்தைத் தலைநகர் சுருக்கிக்கொண்டே வருவதைப் பார்க்கவேண்டுமானால் மணிப்பூரின் மோரே. எல்லைக்கு அந்தப் பக்கம் மியன்மாரின் தமு. இந்த மோரேயில் ஒரு தமிழ்க் குடியிருப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. 1962க்குப் பிறகு பர்மாவில் கடைகளையும் நிலத்தையும் அரசு எடுத்துக்கொண்டபோது கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் சிலர், இங்கே ஒட்ட முடியாமல், பிறந்த ஊருக்கே திரும்பிவிடலாம் என்று தரைவழியாக அத்தனை தூரம் போனார்கள். பர்மாவுக்குள் விடவில்லை. திரும்பிவரவும் மனம் இல்லை. எல்லையிலேயே தங்கிவிட்டார்கள். அங்காள பரமேஸ்வரி கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், எல்லை வியாபாரத்தில் காலூன்றினார்கள். தமிழ், மெய்தெய், குக்கி, பர்மிய மொழி எல்லாம் ஒரே கடையில் கேட்ட ஊர். அந்தப் பக்கத்து நம்பலோங் சந்தைக்குக் காலையில் நடந்து போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடுவது வழக்கமாக இருந்தது.

எல்லைவாசிகள் விசா இல்லாமல் எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்பது 1968இல் 40 கிலோமீட்டராக இருந்தது. 2004இல் 16 ஆனது. 2024 இறுதியில் 10. மலையின் இரண்டு பக்கமும் ஒரே இனத்தைச் சேர்ந்த, உறவுமுறை சொல்லிக் கூப்பிடும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆயுதம், போதைப்பொருள், 2021க்குப் பிறகு மியன்மாரில் நடக்கும் சண்டை, 2023இல் மணிப்பூரில் வெடித்த கலவரம் என்று அரசுக்கும் அதன் காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் மோரேயிலிருந்து டெல்லி சாலைவழியாக 2000 கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஒரு கோப்பில் மாறும் எண், இங்கே ஒருவர் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போகமுடியுமா என்பதை முடிவு செய்கிறது.

நார்வா, இவான்கோரத் இரண்டையும் ஒரு வரியாவது சொல்லவேண்டும். எஸ்தோனியாவும் ரஷ்யாவும் ஓர் ஆற்றின் இரு கரையிலும் ஆளுக்கொரு கோட்டையோடு முறைத்துக்கொண்டு நிற்கும் இடம். நடுவில் இருக்கும் பாலத்துக்குப் பெயர் நட்புப் பாலம். 2024 பிப்ரவரி முதல் வண்டி போகாது, நடந்துதான் கடக்கவேண்டும். அதே ஆண்டு மே முதல் இரவில் அதுவும் இல்லை.

பாலமே இல்லாத இரட்டை நகரமும் உண்டு. காங்கோ ஆற்றின் இரு கரையில் கின்ஷாசா, பிராசவில். இரண்டுமே தலைநகரங்கள், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றதன் கட்டடங்கள் தெரியும், படகில்தான் போகவேண்டும். அந்தப் படகில் பல வருடங்களாக வியாபாரத்தை ஆண்டவர்கள் மாற்றுத்திறனாளிகள். அவர்களுக்குப் படகுக் கட்டணத்திலும் சுங்கத்திலும் சலுகை இருந்தது. மூன்று சக்கர வண்டியை அகலமாக்கிச் சரக்கு அடுக்கி, தள்ளுவதற்கு ஆள் வைத்துக்கொண்டு, ஒரு தொழிலாகவே நடத்தினார்கள். சட்டத்தில் எங்கே இடுக்கு இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதில் எல்லை ஊர்க்காரர்களை யாரும் மிஞ்சமுடியாது.

இனி, நடந்து பார்க்க ஓர் இடம். நான் சொல்வது இத்தாலியின் கொரிட்சியா, ஸ்லோவேனியாவின் நோவா கொரிட்சா. 1947 செப்டம்பரில் புதுக் கோடு போட்டபோது பழைய ஊர் பெரும்பாலும் இத்தாலிக்குப் போனது, 1906இல் திறந்த ரயில் நிலையமும் சுற்றுவட்டக் கிராமங்களும் யுகோஸ்லாவியாவுக்கு. நகரத்தை இழந்த கிராமங்களுக்கு ஒரு நகரம் வேண்டும் என்று யுகோஸ்லாவியா அடுத்த வருடமே வயல்வெளியில் புது ஊர் கட்டத் தொடங்கியது. நோவா என்றால் புதிய. பக்கத்தில் மீரென் என்ற கிராமத்தில் கோடு கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே போனது. 1970களின் நடுவில் அதைச் சரிசெய்யும் வரை, முள்கம்பி கல்லறைகளின் மேலேயே ஓடியது.

அங்கே இன்னும் சொல்லிக்கொள்ளும் ஒரு நாள் 1950 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. உறவினர்களைப் பார்க்கலாம் என்ற பேச்சைக் கேட்டு யுகோஸ்லாவியப் பக்கம் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு, ஒரு கட்டத்தில் காவலர்களைத் தள்ளிக்கொண்டு கொரிட்சியாவுக்குள் நுழைந்துவிட்டார்கள். மூன்று வருடமாகப் பார்க்காத ஊர். கடைகளைத் திறக்கச் சொல்லி, தங்கள் பக்கம் கிடைக்காததை எல்லாம் வாங்கினார்கள். அதிகம் வாங்கியது துடைப்பம். அதனால் அந்த நாளுக்குத் துடைப்ப ஞாயிறு என்றே பெயர். சாயங்காலம் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். அரசாங்கங்களுக்கும் ஏதோ புரிந்திருக்கவேண்டும். 1955இல் போட்ட உடன்பாட்டில் எல்லையோர மக்களுக்குத் தனி அனுமதி அட்டை வந்தது. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், மேற்குக்கும் கிழக்குக்கும் நடுவில், இந்த ஊர்க்காரர்கள் அட்டையைக் காட்டிப் போய்வந்தார்கள். பிற்பாடு கால்சட்டைக்கும் காப்பிக்கும் யுகோஸ்லாவியாவிலிருந்து இத்தாலிக்குப் போனார்கள், பெட்ரோலுக்கும் இறைச்சிக்கும் இத்தாலியிலிருந்து யுகோஸ்லாவியாவுக்கு வந்தார்கள்.

ரயில் நிலையத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தின் நடுவில் போன வேலியை 2004இல் எடுத்தார்கள். 2007 டிசம்பரில், ஐரோப்பிய நாடுகளுக்குள் பாஸ்போர்ட் சோதனை இல்லாமல் போய்வர வைக்கும் ஷெங்கன் ஏற்பாடு வந்து சோதனையும் போனது. 2025இல் இரண்டு ஊரும் சேர்ந்து ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகராக இருந்தன. வேலி இருந்த இடத்தில் இப்போது தரையில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. ஆளாளுக்கு ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்துப் படம் எடுக்கிறார்கள். எடுத்து முடித்ததும் ரயில் நிலையக் கட்டடத்துக்குள் போங்கள், எல்லையைப் பற்றிய ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது.

ஒரு ஷெங்கன் விசா இரண்டு பக்கத்துக்கும் போதும். ஆனால் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2023 அக்டோபரில் இத்தாலி இந்த எல்லையில் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது, அப்புறம் தொடர்ந்து நீட்டித்துக்கொண்டே வந்தது. சதுக்கத்தில் நடப்பவரை யாரும் நிறுத்தமாட்டார்கள், வண்டிச் சாலையில் நிறுத்திக் கேட்கலாம். ஐரோப்பா தூரம், ஜோகூர் கடற்பாலத்தையே பார்க்கிறேன் என்றால் அதுவும் சரிதான். சிங்கப்பூர் விசா தேவைப்படுகிறவர் அது பலமுறை நுழைவதற்கானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஜோகூரில் சுற்றிவிட்டுத் திரும்பி நுழைய முடியாது. மலேசியாவுக்கு என்ன தேவை என்பதைத் தனியாகப் பார்க்கவேண்டும். வாரநாளில் காலை பத்து மணிக்கு மேல் போனால் கூட்டம் குறைவு. வெள்ளிக்கிழமை மாலை சிங்கப்பூரிலிருந்து கிளம்புவதும் ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்புவதும் மட்டும் வேண்டாம்.